லக்சுரி குரூஸுக்கு மாறலாமா? "எல்லாம் சேர்த்து"ங்கற வார்த்தைக்குப் பின்னாடி இருக்கற கணக்கு

போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஐடிஆர் விஷயமா ஒரு தம்பதி என் ஆபீஸுக்கு வந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஓஎம்ஆர்ல வேலை. கைக்கு வர்ற சம்பளம் ரெண்டும் சேர்த்து மாசம் 1.9 லட்சம். வேலை முடிஞ்சு ஃபைலை மூடும்போது அவர் மெதுவா ஆரம்பிச்சார். "சார், ஒரு குரூஸ் புக் பண்ணப்போறோம். சாதா கப்பலா, லக்சுரி கப்பலான்னு வீட்ல ஒரே சண்டை."

"சண்டை எல்லாம் இல்ல சார்"ன்னாங்க அவங்க. "இனிமே அந்தக் கூட்டத்துல நான் போகமாட்டேன்னு சொன்னேன். அவ்ளோதான்."

விஷயம் என்னன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி மே மாச லீவுல சிங்கப்பூர்லருந்து 4 நைட் குரூஸ் போயிருக்காங்க. கப்பல்ல 4,000 பேருக்கு மேல. பஃபேல தட்டைக் கையில வெச்சுக்கிட்டு இடம் தேடினது, நீச்சல் குளத்துப் பக்கம் காலையில ஏழு மணிக்கே துண்டு போட்டு நாற்காலி பிடிச்சு வெச்சிருந்தது, லிஃப்டுக்கு நின்னது. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல நின்ன மாதிரி இருந்துச்சாம். இப்போ அஞ்சாவது கல்யாண நாளுக்கு அக்டோபர்ல பார்சிலோனாவிலருந்து 7 நைட் மத்தியதரைக்கடல் குரூஸ் பிளான். ஏஜென்ட் ரெண்டு கோட் கொடுத்திருக்கார். பெரிய கப்பல்ல பால்கனி ரூம், ஆளுக்கு 1,200 டாலர். லக்சுரி கப்பல்ல ஆளுக்கு 4,500 டாலர். கூடவே ஒரு வரி: "லக்சுரில எல்லாம் சேர்த்து சார். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் பெருசா இருக்காது."

அந்த ஏஜென்ட் பொய் சொல்லல. ஆனா "கூட்டிக் கழிச்சு"ன்னு சொன்னாரே, அதை யாரோட செலவை வெச்சுக் கூட்டினார்ங்கறதுதான் கேள்வி. நாங்க மூணு பேரும் உக்காந்து அதைத்தான் போட்டுப் பார்த்தோம். கணக்கு சுலபமா இருக்க 1 டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கிட்டோம். எண்கள் எல்லாம் மாதிரிக்குத்தான். உங்க கோட்டை வெச்சு நீங்க போடும்போது தொகை மாறும், முறை மாறாது.

முதல்ல ஏஜென்ட் கணக்கு

பெரிய கப்பல் கம்பெனிகள் டிக்கெட்டைக் குறைச்சு வெச்சுட்டு, ஏறினதுக்கு அப்புறம் சம்பாதிப்பாங்க. அதனால 1,200 டாலர்ங்கறது வெறும் வாசல் கட்டணம் மாதிரி. ரெண்டு பேருக்கு 2,400. துறைமுக வரி ஆளுக்கு 150ன்னு வெச்சா 300. டிப்ஸ் நீங்களா விருப்பப்பட்டுக் கொடுக்கறது கிடையாது, ஒரு நாளைக்கு ஆளுக்கு 18, 19 டாலர்னு பில்லுல தானா ஏறிடும். ஏழு நாளைக்கு ரெண்டு பேருக்கும் 259. ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் நாளைக்கு 80 டாலர்னு வெச்சா 1,120, அது மேல 18% சர்வீஸ் சார்ஜ் சேர்த்து 1,322. இதுல ஒரு கொக்கி இருக்கு. ஒரு ரூம்ல ஒருத்தர் மது பேக்கேஜ் எடுத்தா அதே ரூம்ல இருக்கற இன்னொரு பெரியவரும் எடுத்தாகணும்னு பல கம்பெனிகள்ல விதி. வைஃபை ரெண்டு பேருக்கு 280. தனியா காசு வாங்குற ரெஸ்டாரன்ட்ல ரெண்டு ராத்திரி சாப்பிட்டா 200. மூணு ஊர்ல கப்பல் கம்பெனியோட டூர் எடுத்தா 540.

மொத்தம் 5,301 டாலர். ஆளுக்கு 1,200ன்னு பார்த்த டிக்கெட், ஆளுக்கு 2,650 ஆயிடுச்சு.

இப்போ லக்சுரி. ரெண்டு பேருக்கு 9,000. டிப்ஸ், மது, வைஃபை, எல்லா ரெஸ்டாரன்டும் உள்ளேயே. இவங்களுக்கு வந்த கோட்ல துறைமுக வரியும் சேர்த்திதான். ஊர் சுத்திப் பாக்கற டூர் மட்டும் வெளியே. ரீஜென்ட் செவன் சீஸ் மாதிரி சில கம்பெனிகள்ல பல டூர்களும் டிக்கெட்டுக்குள்ளயே வந்துடும், ஆனா அங்க டிக்கெட்டும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். டூருக்கு அதே 540 சேர்த்தா மொத்தம் 9,540.

டிக்கெட்டை மட்டும் பார்த்தா 3.75 மடங்கு. எல்லாத்தையும் கூட்டினா 1.8 மடங்குதான். ஏஜென்ட் சொன்னது சரியாத்தான இருக்கு?

அவர் முகத்துல ஒரு தோல்வி, அவங்க முகத்துல ஒரு சிரிப்பு. ஒரு நிமிஷம் இருங்கன்னேன்.

இப்போ உங்க கணக்கு

"நீங்க குடிப்பீங்களா?"ன்னு கேட்டேன். அவர் பீர்கூட தொடமாட்டார். அவங்க எப்பவாவது ஒரு மாக்டெயில். போன குரூஸ்ல ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எடுத்தீங்களா? இல்ல. காசு கொடுக்கற ரெஸ்டாரன்ட் போனீங்களா? இல்ல, அவங்க வெஜிடேரியன், மெயின் டைனிங்லயே முன்கூட்டி சொல்லி வெச்சு சாப்பிட்டுக்கிட்டாங்க. வைஃபை? ஒரு போனுக்கு மட்டும். டூர்? பினாங்குல இவங்களே கிராப் பிடிச்சு சுத்தியிருக்காங்க.

அப்போ பெரிய கப்பல் கணக்குல 1,322 போயிடுச்சு. 200 போயிடுச்சு. வைஃபை பாதி, 140. டூர் 540க்கு பதிலா பஸ், ரயில், மியூசியம் டிக்கெட்னு 200 போதும். மொத்தம் 3,299 டாலர். லக்சுரி கப்பல்ல நீங்க குடிக்கலைன்னு யாரும் காசைத் திருப்பித் தரமாட்டாங்க. அங்க 9,000, கூட ஊர் சுத்த 200, ஆக 9,200.

3,299 எங்க, 9,200 எங்க? 2.8 மடங்கு. வித்தியாசம் 5,901 டாலர், நம்ம காசுல 5.31 லட்சம்.

கப்பல்கள் மாறல, விலையும் மாறல. பயணி மாறினதும் 1.8 மடங்கு 2.8 ஆயிடுச்சு. "எல்லாம் சேர்த்து"ங்கற பேக்கேஜோட மதிப்பு, அதுல இருக்கற பொருளோட மெனு விலை கிடையாது. அது இல்லாம இருந்தா நீங்க உங்க கைக்காசைப் போட்டு எவ்வளவுக்கு வாங்கியிருப்பீங்களோ, அந்தத் தொகைதான் உங்களுக்கு அதோட மதிப்பு. தினமும் ஒயினோட சாப்பிடற, டூர் எல்லாம் கம்பெனிகிட்டயே எடுக்கற ஒரு ஜோடிக்கு லக்சுரி கப்பல் உண்மையிலேயே நியாயமான விலையா இருக்கலாம். இவங்களுக்கு அது அடுத்தவங்க குடிக்கற ஷாம்பெய்னுக்கு பங்கு போடற மாதிரி. நாலு பேர் ஹோட்டலுக்குப் போய் பில்லை சமமா பிரிக்கும்போது இட்லி சாப்பிட்டவன் நிலைமை தெரியும்ல, அதேதான்.

உங்க எண் என்னன்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, பழைய பில். ஏற்கெனவே குரூஸ் போயிருந்தா கடைசி நாள் கொடுத்த பில்லை எடுத்துப் பாருங்க. போகலைன்னா கடைசியா போன ஹோட்டல் ஸ்டேயோட பில்லைப் பாருங்க. "லீவுல போனா நான் வேற மாதிரி"ன்னு நினைப்போம். பெரும்பாலும் இருக்கமாட்டோம். நானே ஒருதடவை ஆசைப்பட்டு பேக்கேஜ் எடுத்துட்டு, மூணாவது நாள் காசை ஈடுகட்டணுமேன்னு அஞ்சாவது காபி குடிச்சவன்.

சரி, 5.31 லட்சத்துக்கு என்ன கிடைக்குது?

இதோட முடிச்சிருந்தா அவர் ஜெயிச்சிருப்பார், ஆனா அவங்க கேட்ட கேள்விக்கு பதில் கிடைச்சிருக்காது. அவங்க ஷாம்பெய்ன் கேக்கவே இல்ல. கூட்டம் வேண்டாம்னாங்க. அது ஆடம்பரம் இல்ல, நியாயமான தேவை. அதுக்கு எவ்வளவு கொடுக்கணும்?

கூட்டத்தை அளக்க ஒரு எண் இருக்கு. கப்பலோட கிராஸ் டன்னேஜை பயணிகள் எண்ணிக்கையால வகுக்கணும். கிராஸ் டன்னேஜ்னா எடை இல்ல, கப்பலுக்குள்ள இருக்கற மொத்த இடத்தோட அளவு. சிங்கப்பூர்லருந்து ஓடின ராயல் கரீபியனோட ஆந்தம் ஆஃப் தி சீஸ் சுமார் 1,68,000 டன், ரூமுக்கு ரெண்டு பேர் கணக்குல 4,180 பயணிகள். வகுத்தா 40. ரீஜென்ட்டோட செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் சுமார் 55,000 டன், 750 பயணிகள். வகுத்தா 73க்கு மேல. அதாவது ஒரு ஆளுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இடம். ஊழியர்களைப் பார்த்தாலும் அதே கதை. முதல் கப்பல்ல சுமார் 2.8 பயணிக்கு ஒரு ஊழியர், ரெண்டாவதுல ஒன்றரை பயணிக்குக்கூட வராது. லக்சுரி கப்பல்ல ரெண்டாவது நாளே உங்க பேரைச் சொல்லி கூப்பிடறாங்கன்னு சொல்றாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்கறது இந்த எண்தான்.

லீவு சீசன்ல இன்னும் ஒரு விஷயம். ரூம்ல மூணாவது, நாலாவது ஆளா குழந்தைங்க வரும்போது பயணிகள் எண்ணிக்கை இந்த ரெண்டு பேர் கணக்கைத் தாண்டிடும். ராயல் கரீபியனோட ஐகான் ஆஃப் தி சீஸ்ல ரெண்டு பேர் கணக்குல 5,610, முழுசா நிரம்பினா 7,600. ஆக, இவங்க போனது மே மாசம், ஸ்கூல் லீவு. அந்த ரங்கநாதன் தெரு அனுபவத்துல பாதி கப்பலோட தப்பு, பாதி காலண்டரோட தப்பு.

லக்சுரி கப்பல் சின்னது, அதனால பெரிய கப்பல் போகமுடியாத ஊருக்குப் போகும்னும் சொல்வாங்க. பொதுவா உண்மைதான், ஆனா உங்க ரூட்டுக்கு உண்மையான்னு பாக்கணும். ரோம்னு போட்டிருந்தா ரெண்டு கப்பலும் சிவிடவெக்கியா துறைமுகத்துலதான் நிக்கும், அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடிச்சுத்தான் ரோம் போகணும். வெனிஸ்ல 2021 ஆகஸ்ட்லருந்து 25,000 டன்னுக்கு மேல இருக்கற கப்பல்களுக்கு நகரத்து முகப்புல இருக்கற கால்வாய்க்குள்ள அனுமதி இல்ல. சீபோர்ன், சில்வர்சீயோட 40,000 டன் லக்சுரி கப்பல்களுக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கு.

நடுவுல இருக்கற படிகள்

ஏஜென்ட் ரெண்டு கோட்தான் கொடுத்தார். ஆனா மாடிக்கு ரெண்டே படி கிடையாது.

ஒண்ணு, கப்பலுக்குள்ள கப்பல். எம்எஸ்சில யாட் கிளப், நார்வீஜியன்ல தி ஹேவன், சிங்கப்பூர்லருந்து போற ஜென்டிங் ட்ரீம்ல தி பேலஸ். பெரிய கப்பல்லயே தனி லவுஞ்ச், தனி குளம், தனி ரெஸ்டாரன்ட், பட்லர். வெளியே நாலாயிரம் பேர், உள்ளே சில நூறு பேர். அப்பா அம்மாவை சிங்கப்பூர்லருந்து மூணு நாலு நைட் கூட்டிட்டுப் போறவங்க இதுக்கு ஒரு கோட் வாங்கிப் பாருங்க.

இதோட சேர்த்துக் குழப்பிக்கக்கூடாத ஒண்ணு, ஏல அப்கிரேட். புக் பண்ணின அப்புறம் "இன்னும் பெரிய ரூமுக்கு ஏலம் கேளுங்க"ன்னு மெயில் வரும். அதுல போடற தொகை ஆளுக்கு. 200ன்னு போட்டா 400 போகும். ஏத்துக்கிட்டாங்கன்னா கார்டுல எடுத்துடுவாங்க, திரும்ப வராது. முக்கியமா, ரூம் பெருசாகும், பஃபே க்யூ குறையாது. கூட்டம்தான் உங்க பிரச்சினைன்னா சாதா பால்கனிலருந்து பெரிய பால்கனிக்குப் போறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொரு படி, சின்னக் கப்பல், ஆனா லக்சுரி இல்ல. அசமாராவோட நாலு கப்பலும் இந்த ரகம். சுமார் 30,000 டன், 700 பயணிகள் அளவுதான். வகுத்துப் பார்த்தா 43, அதாவது ஆளுக்குக் கிடைக்கற இடம் பெரிய கப்பல் மாதிரியேதான். ரூமும் சின்னதுதான், கப்பலும் பழசு. ஆனா எந்த ஊர்ல இறங்கினாலும் க்யூல மொத்தமே 700 பேர்தான். டிப்ஸும் சாதாரண மது, குளிர்பானமும் டிக்கெட்டுக்குள்ள. வாட்டர் ஸ்லைடு, ஐஸ் ஸ்கேட்டிங் எல்லாம் இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல பெருசா சத்தமும் இருக்காது, கூட வர்றவங்க பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்க. 28 வயசுல அது சிலருக்கு போர் அடிக்கும். இவங்களுக்கு அது பிடிச்ச விஷயமே.

இந்த ரகக் கப்பலுக்கு ஆளுக்கு 2,100 டாலர்னு வெச்சு கணக்கு போட்டோம். 4,200, துறைமுக வரி 300, வைஃபை 140, ஊர் சுத்த 200. மொத்தம் 4,840 டாலர், 4.36 லட்சம். பெரிய கப்பலைவிட 1,541 டாலர் கூட.

இப்போ கேள்வியே மாறிடுச்சு. சின்னக் கப்பல்ல ஒரு ராத்திரி அமைதிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து கூடுதலா கொடுக்கறது சுமார் 20,000 ரூபாய். லக்சுரி கப்பல்ல அதே அமைதி, கூடவே பெரிய சூட், கேவியார், ஷாம்பெய்ன். அதுக்கு ஒரு ராத்திரிக்கு கூடுதலா கொடுக்கறது சுமார் 76,000. அவங்ககிட்டயே கேட்டேன். "20,000 ஓகே சார். 76,000க்கு நான் தூங்கவே மாட்டேன்"ன்னாங்க.

காசு எங்கிருந்து வருது?

கையில இருந்த சேமிப்பு 5 லட்சம். ஃபிளைட், ஷெங்கன் விசா, இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் 2 லட்சம் ஒதுக்கியிருந்தாங்க. லக்சுரின்னா மொத்தம் 10.28 லட்சம். குறையற 5 லட்சத்துக்கு பர்சனல் லோன் போடறதா இருந்தாங்க. 14% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 24,000, மொத்த வட்டி சுமார் 76,000. லக்சுரில ஒரு ராத்திரி அமைதியோட விலைன்னு மேல பார்த்தோமே, அதே தொகை இங்க வட்டியா மட்டும் போகுது. அதுவும் அடுத்த வருஷம் வீட்டுக்கு டவுன் பேமென்ட் பத்தி யோசிக்கறவங்களுக்கு. ஹோம் லோன் எலிஜிபிலிட்டி பாக்கும்போது பேங்க் அந்த 24,000ஐ மாசா மாசம் கழிச்சுட்டுத்தான் பாக்கும்.

டாலர் விஷயமும் இருக்கு. அட்வான்ஸ் இன்னிக்கு கட்டுவீங்க, மீதியை புறப்படறதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடி கட்டுவீங்க. 2025 தொடக்கத்துல 85, 86 ரூபாயா இருந்த டாலர் அந்த வருஷ டிசம்பர்ல 90ஐத் தாண்டிச்சு. 3,000 டாலர் பாக்கின்னா அந்த நாலு ரூபாய் 12,000. 9,000 டாலர் பாக்கின்னா 36,000. பெரிய டிக்கெட் எடுக்கறவங்க பெரிய கரன்சி ரிஸ்க்கையும் சேர்த்தே எடுக்கறாங்க. கப்பல்ல பில்லை நம்ம ஊர் கிரெடிட் கார்டுல கட்டினா பல கார்டுகள்ல 3.5% வரைக்கும் மார்க்கப், அதுமேல ஜிஎஸ்டி.

டிசிஎஸ் பத்தி நிறைய பேர் பயப்படறாங்க. இந்திய ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா முன்னாடி 10 லட்சம் வரைக்கும் 5%, அதுக்கு மேல 20% பிடிச்சாங்க. 2026 பட்ஜெட்ல இதை, தொகை எவ்வளவா இருந்தாலும் 2%ன்னு குறைச்சுட்டாங்க, 2026 ஏப்ரல் 1லருந்து. 8.1 லட்சத்துக்கு 16,200. இது செலவு இல்ல, உங்க வரிக்கணக்குல வரவு. ஆபீஸ்ல சொன்னா சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்லயே சரிக்கட்டிக்கலாம், 2024 அக்டோபர்லருந்து அந்த வசதி இருக்கு. எல்டிஏ போடலாமான்னு அவர் கேட்டார். எல்லாரும் கேப்பாங்க. போடமுடியாது. இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில இருந்தாத்தான்.

கடைசியில சின்னக் கப்பல்னு முடிவாச்சு. 4.36 லட்சமும் 2 லட்சமும் சேர்த்து 6.36 லட்சம். கையில 5 இருக்கு, 1.36 குறையுது. லோன் போட்டா 24,000 இஎம்ஐ கட்ட ரெடியாத்தானே இருந்தீங்க, அதே 24,000ஐ முன்னாடியே ஆறு மாசம் தனியா போட்டு வெச்சா 1.44 லட்சம் ஆச்சேன்னு சொன்னேன். அக்டோபருக்குள்ள சேராது. அதனால பயணத்தை அடுத்த ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. கல்யாண நாள் அன்னைக்கு வீட்ல பாயசம்னு அவர் சொன்னார், அவங்களுக்கு அதுல அவ்வளவா சந்தோஷம் இல்லைன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

கிளம்பும்போது அவங்க மறுபடி கேட்டாங்க. "அந்தக் கப்பல்ல எவ்ளோ பேர்னு சொன்னீங்க?"

"சுமார் 700."

"அப்போ ஏப்ரலே போலாம்"ன்னாங்க. அவர் கதவுகிட்ட நின்னு, "சார், மாக்டெயில் அதுல ஃப்ரீயான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல வாங்கிக்கவா?"ன்னார்.

வாங்கிக்கோங்கன்னேன்.